கைத்தொழிலும் கையெழுத்தும்

(பரிசளிப்பு விழாவில் பள்ளியின் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, தலைமையாசிரியர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களே, பெற்றோர்களே, பரிசு வாங்கிய மாணவச் செல்வங்களே, பரிசு வாங்காத மாணவச் செல்வங்களே! 

வாங்காதவர்களையும் சேர்த்து அழைத்ததற்குக் காரணம் உண்டு. 1969-இல் முதலாம் வகுப்பில் சேர்ந்து 1974-இல் ஆறாம் வகுப்பு முடிக்கும் வரையில் இந்தப் பள்ளியில் நான் வாங்கிய பரிசு ஒன்றே ஒன்றுதான். அதுவும் படிப்புக்கு அல்ல. ஒரு நாள்கூடத் தவறாமல் பள்ளிக்கு வந்ததற்காக ஓர் அலுமினியப் பென்சில் பெட்டி கொடுத்தார்கள். அன்றைய தலைமையாசிரியர் மேடையில் என்னைப் பலவாறு புகழ்ந்தார். உண்மை என்னவென்றால், அம்மாவும் அப்பாவும் விடியற்காலையிலேயே பிரட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். லயத்து வீட்டைப் பூட்டிச் சாவியை அம்மா மடியில் செருகிக்கொண்டு போய்விடுவார். பள்ளிக்கூடத்தை விட்டால் எனக்குப் போக்கிடம் கிடையாது! இதை இன்றுதான் முதன்முதலாக ஒப்புக்கொள்கிறேன்.

"படிப்புக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பைப் பற்றிப் பேசுங்கள்" என்று சங்கத்தார் கேட்டுக்கொண்டார்கள். நான் மேடைப் பேச்சாளன் அல்லன். நாற்பது ஆண்டுகளாக வயரும் டெஸ்டரும் பிடித்த கை இது. ஆகவே எனக்குத் தெரிந்த வேலையை வைத்துத்தான் பேசப் போகிறேன். பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

முதலில் ஒரு பழைய கதை. நம் தோட்டங்களில் தமிழ்ப்பள்ளி எப்படி வந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் தோட்டங்களில் நிர்வாகமே பள்ளி வைக்க வேண்டும் என்று விதித்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளை படித்து வெளியே போய் வேறு தொழில் செய்யட்டும் என்பதற்காகத் துரைமார்கள் பள்ளி கட்டவில்லை. பள்ளி இருந்தால் ஆள் தோட்டத்திலேயே தங்குவான். அவன் பிள்ளையும் நாளை வெட்டுக் கத்தி பிடிக்கும். பல தோட்டங்களில் ஆயக்கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு கூரை, ஒரு கரும்பலகை, கிராணிக்கு வேண்டியவர் ஒருவர் வாத்தியார். படிப்புக்கும் வேலைக்கும் அன்றைக்கும் தொடர்பு இருந்தது ஐயா! ஆறாம் வகுப்பு முடிந்ததும் அம்மாவின் நிரைக்கு ஒட்டுப்பால் பிடுங்கப் போவதுதான் அந்தத் தொடர்பு.

அந்தத் தொடர்பும் அறுந்தது. ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். ரப்பருக்கு வேண்டிய அளவுக்கு ஆள் செம்பனைக்கு வேண்டியதில்லை. பிறகு பல தோட்டங்களையே விற்றார்கள்; வீடமைப்புத் திட்டமும் தொழிற்சாலையும் வந்தன. கத்தி பிடிக்கத் தெரிந்தவன், கத்திக்கு வேலையில்லாத பட்டணத்தில் போய் நின்றான். என் அண்ணனும் அவர்களில் ஒருவர்.

இனி என் அண்ணனைப் பற்றிச் சொல்லப் போகிறேன். என் பேச்சில் உருப்படியான பகுதி அதுதான்.

அண்ணன் எனக்கு ஐந்து வயது மூத்தவர். இதே பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தார். புகுமுக வகுப்புக்குப் பட்டணத்துப் பள்ளிக்குப் போனவர் மூன்று மாதத்தில் நின்றுவிட்டார். பஸ் காசும் ஒரு காரணம், மொழி விளங்காததும் ஒரு காரணம். 1974-இல் ஒரு மின்சாரக் குத்தகையாளரிடம் எடுபிடியாகச் சேர்ந்தார். ஏணி தூக்கினார், சுவர் கொத்தினார், பைப்பு வளைத்தார். ஆறேழு ஆண்டுகளில் கடைவீடு ஒன்றுக்கு முழு வயரிங்கும் தாமே தனியாகச் செய்யும் அளவுக்குக் கை தேர்ந்துவிட்டார். சுவிட்சைப் போட்டுப் பார்க்காமலே, டப்பாவைத் திறந்து மோந்து பார்த்து எங்கே சூடாகிறது என்று சொல்லுவார். நான் மிகைப்படுத்தவில்லை.

1978-இல் நான் எஸ்.ஆர்.பி. தேர்வில் கோட்டைவிட்டேன். அண்ணன் என்னைத் திட்டவில்லை. "வா, என் கூட ஏணி பிடி" என்றார். அவர்தான் என் முதல் வாத்தியார்.

மாணவர்களே, இங்கே ஒன்று கவனியுங்கள். அந்தக் காலத்தில் வயர் அளவை "செவன் ஓ டூ நைன்" என்போம். எழுதும்போது 7/.029. அண்ணனுக்கு அது ஒரு பெயர், அவ்வளவுதான். சைனாக் கடையில் போய் அந்தப் பெயரைச் சொன்னால் வயர் கொடுப்பார்கள். ஒருநாள் நான் அந்தக் கயிற்றை உரித்து எண்ணிப் பார்த்தேன். ஏழு இழை இருந்தது. பின்னால் இருக்கும் .029 என்பது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 29 பங்கு, அதாவது ஒவ்வோர் இழையின் பருமன்! இதே பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் தசம பின்னம் சொல்லிக் கொடுக்கும்போது, "இது எதுக்கு உதவப் போகுது" என்று நான் முனகிய அதே கணக்கு. 3/.029 என்றால் மூன்று இழை. செம்பு குறைவு, தாங்கும் மின்சாரமும் குறைவு. தண்ணீர் சூடுபடுத்தும் ஹீட்டருக்கு அந்த மெல்லிய வயரை இழுத்துவிட்டால் சுவருக்குள்ளேயே உருகும். வீடு எரியும். இன்றைக்குச் சதுர மில்லிமீட்டரில் 1.5, 2.5, 4 என்கிறோம். அளவு மாறினாலும் கணக்கு அதேதான்.

இதை அண்ணனிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "அட, இத்தனை வருஷமா ஏழு ஏழுன்னு சொல்றோம், ஏழு என்னான்னு தெரியாமலே" என்றார். கை அவருக்குத்தான் தெரியும். ஏன் என்பது எனக்குத் தெரிந்தது. அந்த 'ஏன்' பள்ளிக்கூடத்தில் கிடைத்தது.

பிறகு வயர்மேன் தேர்வு எழுதினேன். இரண்டு முறை தோற்றேன். செய்முறையில் அல்ல, எழுத்துத் தேர்வில். கேள்வி மலாயில் இருந்தது. விடை என் கைக்குத் தெரியும், கேள்வி என் கண்ணுக்கு விளங்கவில்லை! அதற்குப் பிறகு இரவு நேரத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் மலாய் படித்தேன். மூன்றாம் முறை, 1988-இல் ஒற்றை ஃபேஸ் சான்றிதழ் கிடைத்தது. 1993-இல் மூன்று ஃபேஸ். "அண்ணே, நீயும் எழுது" என்று எத்தனையோ முறை கெஞ்சினேன். "எனக்கு எதுக்குடா? மொதலாளி இருக்காரு, வேலை இருக்கு. இந்த வயசுல பென்சில் புடிக்கச் சொல்றியா?" என்பார்.

பெற்றோர்களே, ஒரு வீட்டுக்கு வயரிங் முடிந்தால் மட்டும் கரண்டு வந்துவிடாது. 1994-ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறை விதிகளின்படி இரண்டு பாரங்கள் வேண்டும். 'ஜி' பாரம், வேலை முறையாக மேற்பார்வையிடப்பட்டு முடிந்தது என்பதற்கு. 'எச்' பாரம், சோதித்துப் பார்த்தாயிற்று என்பதற்கு. இவற்றில் தகுதிச் சான்றிதழ் உள்ளவர் கையெழுத்திட வேண்டும். இன்று அந்தச் சான்றிதழைக் கொடுப்பது எரிசக்தி ஆணையம், சுருஹான்ஜாயா தெனாகா. அந்தக் கையெழுத்து இல்லாமல் மின்சார வாரியம் மீட்டர் பூட்டாது. ஆகவே குத்தகையாளருக்கு ஓர் ஆள் கையெழுத்துக்காகவே வேண்டும். சம்பளம் எங்கே கூடுகிறது என்பது இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும்.

நானும் அண்ணனும் ஒரே குத்தகையாளரிடம்தான் இருந்தோம். அண்ணன் வயரிங் செய்வார். நான் போய்ப் பார்ப்பேன், மீட்டரை வைத்துச் சோதிப்பேன், கையெழுத்துப் போடுவேன். எனக்கு வேலை கற்றுக் கொடுத்தவர் செய்த வேலைக்கு நான் கையெழுத்து! மாதக் கடைசியில் சம்பள உறையை வாங்கும்போது நான் அவர் முகத்தைப் பார்க்க மாட்டேன். என் உறை கனமாக இருக்கும். அவர் ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து என் பிள்ளைகளுக்குப் பிஸ்கட் வாங்கிக் கொடுப்பார்.

1995-இல் நான் ஒரு தொழிற்சாலைக்கு மாதச் சம்பளத்துக்குப் போய்விட்டேன். 1998-இல் பொருளாதார நெருக்கடி. கட்டடங்கள் பாதியில் நின்றன. குத்தகையாளர் கடையை மூடினார். 24 ஆண்டு அனுபவத்தோடு, 41 வயதில் அண்ணன் வேலை தேடி அலைந்தார். நானே அவரை என் தொழிற்சாலைக்கு நேர்முகத்துக்கு அழைத்துப் போனேன். ஆள் எடுக்கும் அலுவலர் மரியாதையாகத்தான் பேசினார். "என்ன சான்றிதழ் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். அண்ணன் தம் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தார். நான் வெளியே கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அலுவலருக்குக் கைகளைப் படிக்கத் தெரியாது. அவரைக் குறை சொல்லி என்ன பயன்? ஒரு மனிதனின் அனுபவத்தை அரைமணி நேரத்தில் அளக்க அவரிடம் வேறு கோல் இல்லை.

அண்ணன் கடைசி வரை ஒரு கிடங்கில் ஜாகா வேலை பார்த்தார். அந்தக் கிடங்கின் விளக்குகள் பழுதானால் அவரே சரி செய்வாராம், சம்பளம் இல்லாமல். 2011-இல் காலமானார்.

இப்போது காலம் மாறியிருக்கிறது. மாறியதைச் சொல்லத்தான் வந்தேன்.

1989-இல் தேசியத் தொழிற்பயிற்சி மன்றம் அமைந்தது. 2006-ஆம் ஆண்டுத் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம் வந்த பிறகு அது திறன் மேம்பாட்டுத் துறை ஆயிற்று, ஜே.பி.கே. என்கிறோம். மலேசியத் திறன் சான்றிதழ், எஸ்.கே.எம்., இவர்கள் கொடுப்பது. மூன்று நிலைகள் உண்டு. அதற்கு மேல் நான்காம் நிலை டிப்ளோமா, ஐந்தாம் நிலை உயர் டிப்ளோமா. எஸ்.பி.எம்.-இல் நன்றாகச் செய்யாத பிள்ளையும் முதற்படியில் ஏறி மேலே வரலாம். ஐ.எல்.பி. என்று நாம் சொல்லிப் பழகிய மனிதவள அமைச்சின் பயிற்சிக் கழகங்கள் இருக்கின்றன. நம் கூலிமிலேயே அட்டெக் இருக்கிறது. மூன்றாம் படிவத்துக்குப் பிறகே போக வேண்டுமானால் தொழிற்கல்லூரிகள் உண்டு. 2012-இல் பழைய தொழிற்பள்ளிகளைக் கல்லூரிகளாக உயர்த்தினார்கள். 2005-இல் தொடங்கிய இரட்டைப் பயிற்சித் திட்டம், எஸ்.எல்.டி.என்., எனக்கு மிகவும் பிடித்தது. பயிற்சியில் முக்கால் பங்கு அளவுக்கு வேலையிடத்தில், மிச்சம் வகுப்பறையில். என் அண்ணனின் ஏணியும் என் தசம பின்னமும் ஒரே இடத்தில்!

கட்டணத்துக்குத் திறன் மேம்பாட்டு நிதிக் கழகம், பி.டி.பி.கே., கடன் கொடுக்கிறது. கடன்தான், தானம் அல்ல. வேலைக்குப் போனதும் கட்ட வேண்டும். இதைச் சொல்லாமல் கையெழுத்து வாங்கும் ஏஜெண்டுகளும் நடமாடுகிறார்கள்.

அந்தப் பேச்சு வந்ததால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் தங்கை மகன் ஒரு தனியார் நிலையத்தில் சேர்ந்தான். வழவழப்பான விளம்பரத் தாள், குளிர்சாதன அறை, கோட்டு போட்டவர் ஒருவர். ஒன்றரை ஆண்டு படித்தான். முடிவில் கொடுத்த சான்றிதழில் அந்த நிலையத்தின் முத்திரை மட்டும் இருந்தது, ஜே.பி.கே. முத்திரை இல்லை. விசாரித்தால், அந்த நிலையத்துக்கு வேறொரு பாடத்துக்குத்தான் அங்கீகாரமாம். இவன் படித்த பாடத்துக்கு இல்லையாம். தங்கை தாலிக்கொடியை அடகு வைத்துக் கட்டிய பணம் அது. ஆகவே காசு கட்டுவதற்கு முன்னால், நிலையத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். இந்தப் பாடத்துக்கு, இந்த நிலைக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம், ஜே.பி.கே.யிடமே கேளுங்கள். இங்கே உட்கார்ந்திருக்கும் ஆசிரியர்கள் இணையத்தில் பார்த்துச் சொல்வார்கள்.

இன்னொரு முத்திரையும் உண்டு. பிறப்புப் பத்திரமும் அடையாளக் கார்டும். பன்னிரண்டு வயதில் மைகார்டு எடுத்தாக வேண்டும். பத்திரத்தில் சிக்கல் உள்ள பிள்ளைக்கு அரசாங்கப் பயிற்சிக் கழகத்தின் கதவு திறக்காது. பதினேழு வயதில் ஓடுவதை விட இப்போதே ஓடுங்கள்.

"எல்லாரும் வயர்மேன் ஆகிவிட முடியுமா?" என்று கேட்பீர்கள். வேண்டியதில்லை. நம் தோட்டத்துக்குப் பக்கத்துச் செம்பனை ஆலையைப் பாருங்கள். குலைகளை முதலில் நீராவியில் வேகவைக்கிறார்கள். அப்போதுதான் பழம் காம்பை விட்டு உதிரும். அறுத்த குலை தாமதமானால் எண்ணெயின் தரம் கெடும்; ஆகவே ஆலை நிற்கக் கூடாது. நீராவி வருவது பாய்லரிலிருந்து. பிழிந்து மிஞ்சிய நாரும் ஓடும்தான் அதற்கு விறகு. அந்தப் பாய்லரை யார் வேண்டுமானாலும் ஓட்ட முடியாது. தகுதிச் சான்றிதழ் பெற்றவர்தான் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பது சட்டம். முதல் கிரேடு, இரண்டாம் கிரேடு என்று உண்டு. நம் பையன்கள் அதே ஆலையில் குலை தள்ளிக்கொண்டு இருக்கிறார்கள். பாய்லர் பக்கத்தில் வெளியூர்க்காரர் நிற்கிறார். நூறு கெஜ தூரம்தான் இடைவெளி. அந்த நூறு கெஜத்தைத் தாண்ட நிர்வாகத்திடம் போய், "பாய்லரில் உதவியாளாக என்னைப் போடுங்கள்" என்று கேட்க வேண்டும். எத்தனை பேர் கேட்டோம்?

பெண் பிள்ளைகளை மறந்துவிட்டேன் என்று தாய்மார்கள் கோபிக்க வேண்டாம். 1972-இல் பினாங்கில் பாயான் லெப்பாஸ் தடையற்ற வர்த்தக வலயம் திறந்த பிறகு, நம் தோட்டங்களிலிருந்து எத்தனை பெண்கள் பெக்டரிக்குப் போனார்கள்! 1985-இல் பாலம் வரும் வரைக்கும் ஃபெர்ரிதான். என் அக்காவும் போனார். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, முடியை விட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் ஒட்டும் வேலை. கண் நோகும், ஆனால் நல்ல சம்பளம். பின்னர் அந்த வேலையை இயந்திரம் செய்யத் தொடங்கிற்று. அக்காவுடன் இருந்தவர்களில் இருவர் இரவு வகுப்புக்குப் போய் அந்த இயந்திரத்தையே பழுது பார்க்கக் கற்றார்கள்; அவர்கள் தங்கினார்கள். அக்கா வீட்டுக்கு வந்தார். தொழிற்சாலைகளே ஒன்றுகூடித் தங்களுக்கு வேண்டிய ஆட்களைப் பயிற்றுவிக்க 1989-இல் பினாங்கில் திறன் மேம்பாட்டு மையம் அமைத்தார்கள் என்றால், தேவை எப்படி இருந்தது என்று பாருங்கள். 1996-இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவும் நம் வாசலுக்கே வந்துவிட்டது. அங்கே ஆப்பரேட்டராக நம் பெண்கள் இருக்கிறார்கள். டெக்னீஷன் சட்டையில் எத்தனை பேர்? நான் போய் வரும் இடங்களில் விரல் விட்டு எண்ணுகிறேன்.

கடைசியாக, பின்வரிசையில் கைகட்டி நிற்கும் அப்பாமார்களுக்கு ஒரு செய்தி. உங்களில் வெல்டிங் தெரிந்தவர் இருக்கிறார், லோரி இஞ்சின் இறக்கி ஏற்றுபவர் இருக்கிறார், பைப்பு வேலை தெரிந்தவர் இருக்கிறார். பலரை எனக்கே தெரியும். பி.பி.டி. என்று ஒரு முறை இருக்கிறது. முன்னனுபவத்தை அங்கீகரிக்கும் முறை. வகுப்புக்குப் போக வேண்டியதில்லை. நீங்கள் செய்த வேலைக்கான சான்றுகளை ஒரு கோப்பாகச் சேர்க்க வேண்டும்: முதலாளியின் கடிதம், சம்பளச் சீட்டு, வேலை செய்யும்போது எடுத்த படங்கள். நியமிக்கப்பட்ட மதிப்பீட்டாளர் வந்து பார்ப்பார், கேள்வி கேட்பார், செய்து காட்டச் சொல்வார். தேறினால் எஸ்.கே.எம். கிடைக்கும். மின்சாரத்தில் கையெழுத்துப் போடும் உரிமைக்கும் பாய்லருக்கும் தனித் தேர்வு உண்டு. அதை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனாலும் நேர்முகத்தில் மேசைமேல் வைக்க ஒரு தாள் இருக்கும். என் அண்ணனுக்கு இதை யாரும் சொல்லவில்லை. நான் விசாரித்துத் தெரிந்துகொண்டபோது அவர் இல்லை.

கோப்பு சேர்ப்பதுதான் பெரும்பாடு. பாரம் மலாயில் இருக்கும், ஆண்டுகள் மறந்து போயிருக்கும், பழைய முதலாளி எங்கே என்று தேட வேண்டும். ஆகவே தலைமையாசிரியர் அவர்களிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டு வரை பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் உட்கார்ந்திருப்பேன். ஆறாம் வகுப்பு முடித்துப் பத்து ஆண்டானவரும் வரலாம், நாற்பது ஆண்டானவரும் வரலாம். அடையாளக் கார்டு, பழைய சம்பளச் சீட்டு, கையில் என்ன இருக்கிறதோ எடுத்து வாருங்கள். மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் அதையும் மறக்காமல் கொண்டு வாருங்கள். வெறுங்கையோடு வந்தாலும் பரவாயில்லை, நான் எழுதிக்கொள்கிறேன்.